மருந்தறிஞர் எல்லாப்பிரகடா சுப்பாராவ்

நுழையும்முன்

கருவுற்ற பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளில் இரும்புச்சத்துடன் சேர்த்து ஃபோலிக் அமில மாத்திரை வழங்கப்படுகிறது. யானைக்கால் நோய் பரவிய பகுதிகளில் நலவாழ்வுப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று டி.இ.சி. என்னும் மாத்திரையைக் கொடுக்கின்றனர். இரத்தப் புற்றுநோய்க்கு ஆளான குழந்தைகளுக்கு இன்றளவும் மெத்தோடிரெக்சேட் தரப்படுகிறது. ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும் இம்மூன்று மருந்துகளின் வரலாறும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வந்து கூடுகிறது. அக்கூடத்தை வழிநடத்தியவர் சென்னையில் மருத்துவம் பயின்ற ஒருவர். அவருடைய வாழ்வைக் கூறுகிறது இப்பாடம்.

கோதாவரிக் கழிமுகத்தில்

கோதாவரி ஆறு கடலைச் சேரும் கழிமுகப் பகுதியில் அமைந்தது பீமவரம். அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த அவ்வூரில் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் சுப்பாராவ் பிறந்தார். எல்லாப்பிரகடா என்பது குடும்பப் பெயர். தந்தையார் ஜகந்நாதம், தாயார் வெங்கம்மா. தந்தையின் நோய் குடும்பத்தை வறுமையில் தள்ளியது. வீட்டுப் பொறுப்பு முழுவதும் தாயாரின் தோளில் விழுந்தது.

சிறுவன் சுப்பாராவுக்குப் படிப்பில் நாட்டமில்லை. பதின்மூன்று வயதில் வீட்டைவிட்டுக் காசிக்குப் புறப்பட்டுவிட்டான். கங்கைக்கரைக்கு வரும் திருப்பயணிகளிடம் வாழைப்பழம் விற்றுப் பெரும்பொருள் ஈட்டலாம் என்பது அவன் எண்ணம். தாயார் ஆள்விட்டு மீட்டுவந்து ராஜமுந்திரிப் பள்ளியில் சேர்த்தார். அங்கும் படிப்பு ஏறவில்லை. நெருங்கிய உறவினரின் இறப்புகள் அடுத்தடுத்து நேர்ந்தன. மெட்ரிகுலேசன் தேர்வில் இருமுறை தோல்வியுற்று, மூன்றாம் முறை சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேர்ச்சி பெற்றார்.

சென்னை அவரை மாற்றியது. மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்பில் பயிலும்போது இராமகிருஷ்ண மடத்தின்பால் ஈடுபாடு கொண்டார். துறவு பூண்டு தொண்டாற்ற விரும்பினார். தாயாரின் இசைவு வேண்டும் என்று மடத்தார் கூற, தாயார் இசையவில்லை. மருத்துவம் படித்தால் தொண்டும் செய்யலாம் என மடத்தைச் சார்ந்தோர் வழிகாட்டினர். இவ்வாறு துறவுக்கு மாற்றாகவே மருத்துவம் அவர் வாழ்வில் நுழைந்தது. பிற்காலத்தில் அவர் வாழ்ந்த முறையைக் காணும்போது, அந்தத் துறவு வேட்கை முற்றிலும் அகன்றுவிடவில்லை என்றே தோன்றுகிறது.

கதராடையும் பட்டமும்

சென்னை மருத்துவக் கல்லூரியில் அவர் பயில நண்பர்களும் கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்பவரும் பொருளுதவி செய்தனர். மூர்த்தியின் மகள் சேஷகிரியை 1919ஆம் ஆண்டு சுப்பாராவ் மணந்தார்.

அந்நியப் பொருள்களை விலக்குமாறு காந்தியடிகள் நாட்டுமக்களை அழைத்த காலம் அது. அறுவைக்கூடத்தில் அணியும் மேலாடையையும் சுப்பாராவ் கதரில் தைத்து அணிந்தார். அறுவை மருத்துவத்துறையின் ஆங்கிலேயப் பேராசிரியருக்கு இது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளைச் சுப்பாராவ் நன்றாக எழுதியிருந்தபோதும், அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை; அதனினும் தாழ்ந்த நிலையிலிருந்த எல்.எம்.எஸ். சான்றிதழே வழங்கப்பட்டது. ஒரு துணியின் விலை அது. சென்னை அரசு மருத்துவப் பணியில் சேர அவர் செய்த முயற்சியும் கைகூடவில்லை.

இதற்கிடையே வீட்டில் பேரிழப்பு நேர்ந்தது. உடன்பிறந்தார் இருவர், சில நாள் இடைவெளியில், ஸ்புரூ என்னும் குடல்நோயால் இறந்தனர். வெப்பமண்டல நாடுகளில் காணப்படும் நோய் இது. இந்நோய் கண்டவரின் குடல் உணவிலுள்ள சத்தை ஈர்க்கும் ஆற்றலை இழந்துவிடும். நாக்குப் புண்ணாகும், கழிச்சல் நிற்காது, இரத்தம் குன்றும், உண்ண உணவிருந்தும் உடல் பட்டினியால் வாடும். மருத்துவம் கற்ற தம்பியால் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை. நோயின் காரணமே அன்று எவருக்கும் தெரியாது.

சென்னையில் ஆசண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் விரிவுரையாளராகச் சுப்பாராவ் சேர்ந்தார். நம் நாட்டு மூலிகை மருந்துகளின் ஆற்றல் அவரைக் கவர்ந்தது. அவற்றுள் நோயைத் தீர்க்கும் பொருள் எது, அதைப் பிரித்தெடுக்க இயலுமா என்ற வினா எழுந்தது. விடைகாணும் வேதியியல் பயிற்சி அவரிடம் இல்லை. ராக்பெல்லர் நிதியத்தின் சார்பில் சென்னைக்கு வந்திருந்த அமெரிக்க மருத்துவர் ஒருவரைச் சந்தித்தபின், அமெரிக்கா சென்று பயிலும் எண்ணம் வலுப்பெற்றது. காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையம் உதவ முன்வந்தது. மாமனாரும் பணம் திரட்டித் தந்தார். 1920களின் தொடக்கத்தில் மனைவியைத் தாய்நாட்டில் விட்டுக் கப்பலேறினார். அவர் திரும்பி வரவேயில்லை.

நீலநிறம் பிறக்கும் நேரம்

பாஸ்டன் நகரின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல நோய்கள் குறித்த பட்டயப் படிப்பில் சுப்பாராவ் சேர்ந்தார். கையிலிருந்த பணம் விரைவில் கரைந்தது. சென்னையில் பெற்ற சான்றிதழைக் கொண்டு அங்கு மருத்துவராகப் பணியாற்ற வழியில்லை. ஆதலால் மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளின் மலசலக் கலங்களைக் கழுவும் வேலையைச் செய்து பிழைத்தார். சாதிப்பிடிப்பு மிகுந்த அந்நாளைய சூழலிலிருந்து சென்றவர் என்பதை நினைவிற்கொண்டால் அவர் உறுதி விளங்கும்.

பட்டயம் பெற்றபின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பாரிடம் ஆய்வு செய்யத் தொடங்கினார். இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸின் அளவை எளிதாகவும் திருத்தமாகவும் கண்டறிய ஒரு முறை வேண்டும் என்பதே அவருக்குத் தரப்பட்ட பணி. சிறுநீரகக் கோளாறுகளையும் எலும்பு நோய்களையும் ஆராய இந்த அளவு தேவைப்பட்டது. சுப்பாராவ் உருவாக்கிய முறை இது: ஆய்வுக்குரிய நீர்மத்துடன் அமிலத்தையும் மாலிப்டினச் சேர்மத்தையும் கலக்க வேண்டும், பின்பு ஒடுக்கும் பொருள் ஒன்றைச் சிறிதளவு சேர்க்க வேண்டும். பாஸ்பேட் இருந்தால் கலவை நீலநிறம் கொள்ளும். பாஸ்பேட் மிகுந்தால் நீலமும் மிகும். அளவு தெரிந்த கரைசலின் நீலத்தோடு ஒப்பிட்டு எண்ணைக் கண்டுவிடலாம். 1925இல் வெளியான ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பயன்பாட்டுக்கு வந்தது. உயிர்வேதியியலில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளுள் அதுவும் ஒன்று.

அம்முறையைத் தசையிலிருந்து எடுத்த சாற்றில் கையாண்டபோது ஒரு புதுமை தென்பட்டது. நீலநிறம் உடனே முழுமையாக எழவில்லை. நேரம் செல்லச் செல்லச் சிறிது சிறிதாகக் கூடிக்கொண்டே போயிற்று. கருவியிலோ கலவையிலோ பிழை என்று கருதி அதை ஒதுக்கிவிட்டிருக்கலாம். அவர்கள் ஒதுக்கவில்லை. தசையில் பாஸ்பேட்டைப் பிணைத்து வைத்திருக்கும் நிலையற்ற சேர்மம் ஒன்று இருக்க வேண்டும்; அமிலத்தில் அது மெல்லச் சிதைந்து பாஸ்பேட்டை வெளிவிடுவதாலேயே நிறம் தாமதமாகக் கூடுகிறது என்று உய்த்துணர்ந்தனர். அச்சேர்மம் கிரியேட்டின் பாஸ்பேட் என 1927இல் நிறுவினர். தசை உழைக்கும்போது அது குறைந்தது; ஓய்வில் மீண்டும் உருவாயிற்று.

தசை இயங்குவதற்கான ஆற்றலை லாக்டிக் அமிலத்தின் தோற்றத்தோடு இணைத்து விளக்கும் கொள்கையே அக்காலத்தில் மேலோங்கியிருந்தது. தசை குறித்த ஆய்வுக்காக ஹில், மேயர்ஹாஃப் ஆகிய இருவருக்கும் 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசும் வழங்கப்பட்டிருந்தது. சோதனைக்குழாயின் நீலநிறம் அக்கொள்கையை அசைத்தது. 1929இல் ஃபிஸ்க்கும் சுப்பாராவும் தசையிலிருந்து அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் சேர்மத்தையும் பிரித்தெடுத்தனர். உயிரியல் பாடத்தில் ஏடிபி என நாம் படிப்பது இதுதான். ஜெர்மானியரான கார்ல் லோமன் அதே ஆண்டில் தனியே ஆய்ந்து இதே முடிவை வெளியிட்டார். உயிரணு அன்றாடம் செலவிடும் சில்லறை ஏடிபி என்றால், சில்லறை தீர்ந்த கணத்தில் அண்டை வீட்டில் வாங்கும் கைமாற்று கிரியேட்டின் பாஸ்பேட் எனலாம். கைமாற்று எப்படித் திருப்பித் தரப்படுமோ அப்படியே, ஓய்வு நேரத்தில் கிரியேட்டின் பாஸ்பேட்டும் மீண்டும் நிரப்பப்படுகிறது.

1930இல் சுப்பாராவுக்கு முனைவர் பட்டம் கிடைத்தது. ஏறத்தாழப் பத்தாண்டுகள் மேலும் ஹார்வர்டில் ஆய்வும் கற்பித்தலும் செய்தார். ஆயினும் அப்பல்கலைக்கழகம் அவருக்கு நிலையான பேராசிரியர் பதவியைத் தரவில்லை. கட்டுரைகளில் முதலில் நின்றது ஃபிஸ்க்கின் பெயர். தமக்குரியதைக் கேட்டுப்பெறும் இயல்பு சுப்பாராவிடம் இல்லாதிருந்தது உண்மையே. அந்தத் தன்னடக்கத்தை நாம் போற்றலாம்; அதைக் காரணமாக்கி நிறுவனத்தின் பொறுப்பைத் தட்டிக்கழித்துவிடக் கூடாது.

ஈரலில் தேடியது

1926இல் மினாட், மர்ஃபி ஆகிய மருத்துவர்கள், உயிர்க்கொல்லியான ஒருவகை இரத்தசோகை ஈரலை உணவாகக் கொடுத்தால் குணமாகிறது என்று கண்டறிந்திருந்தனர். ஈரலில் உள்ள எந்தப் பொருள் அதைச் செய்கிறது என்பது புலப்படவில்லை. சுப்பாராவ் அப்பொருளைத் தேடத் தொடங்கினார். உடன்பிறந்தாரைக் கொண்டுபோன நோயிலும் இரத்தம் குன்றுவதே முதன்மைக் குறியாக இருந்தது என்பதை அவர் மறந்திருக்க வழியில்லை.

ஈரலைப் பெருமளவில் காய்ச்சிப் பிழிந்து படிப்படியாகப் பிரிக்கும் பணிக்குப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் போதாது. லெடர்லே என்னும் மருந்து நிறுவனம் அதற்குத் துணைநின்றது. நியூயார்க்குக்கு அருகில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த அந்நிறுவனத்தில் 1940ஆம் ஆண்டு சுப்பாராவ் சேர்ந்து, விரைவில் ஆய்வுப் பிரிவு முழுவதற்கும் தலைவரானார். வேதியியலார், நுண்ணுயிரியலார், தாவரவியலார், மருத்துவர் எனப் பலரையும் அவர் ஒரே நோக்கில் இணைத்தார்.

இந்தத் தேடலின் மற்றொரு கிளை இந்தியாவில் இருந்தது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர், பம்பாயில் ஏழைக் குடும்பத்துக் கருவுற்ற பெண்களிடம் காணப்பட்ட ஒருவகை இரத்தசோகையை ஈஸ்ட் சாறு குணப்படுத்துவதை 1931இல் வெளியிட்டார். அதே பண்புடைய பொருளைக் கீரையிலிருந்து 1941இல் வேறு அறிஞர்கள் பெற்று, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். டன் கணக்கில் கீரையைப் பிழிந்தாலும் கிடைப்பது கடுகளவே. செயற்கையாகத் தயாரித்தால்தான் நோயாளிகளுக்குப் பயன்படும். சுப்பாராவின் குழுவினர் அம்மூலக்கூறின் அமைப்பை அறிந்து, அதை ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்கினர். 1945இல் அச்செய்தி வெளியாயிற்று.

மருத்துவர் டாம் ஸ்பீஸ் முதலியோர் இம்மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். ஸ்புரூ நோயாளிகளின் நாக்குப் புண் ஆறியது. புதிய குருதியணுக்கள் தோன்றின. படுத்தவர் எழுந்து உண்டனர். உடன்பிறந்தார் இருவரின் சாவுக்குப் பின் பல ஆண்டுகள் கழித்து அந்நோய்க்கு மருந்து கிடைத்தது.

சுப்பாராவ் முதலில் தேடியது இதுவன்று என்பதையும் சொல்ல வேண்டும். ஈரலைக்கொண்டு குணப்படுத்தப்பட்ட அந்தக் கொடிய சோகையில் ஃபோலிக் அமிலம் இரத்தத்தைச் சீராக்கியது. நரம்புகளுக்கு நேரும் கேட்டைத் தடுக்கவில்லை. ஈரலில் மறைந்திருந்த மற்றொரு பொருளான வைட்டமின் பி12, 1948இல் வேறு இரு நிறுவனங்களின் ஆய்வுக்கூடங்களில்தான் பிரித்தெடுக்கப்பட்டது.

பூட்டில் சிக்கும் சாவி

ஃபோலிக் அமிலத்தின் அமைப்பு தெரிந்ததும் ஒரு பழைய புதிர் அவிழ்ந்தது. 1930களில் புழக்கத்திற்கு வந்த சல்ஃபா மருந்துகள் நோய்க்கிருமிகளை அடக்கின. மனித உயிரணுக்களுக்குப் பெருந்தீங்கு செய்யவில்லை. அவை பாரா அமினோ பென்சாயிக் அமிலம் என்னும் பொருளின் சாயலைக் கொண்டவை என்பது முன்பே தெரிந்திருந்தது. அப்பொருள் கிருமிக்கு எதற்குத் தேவை என்பதே கேள்வி. ஃபோலிக் அமிலத்தின் நடுப்பகுதியாக அதே பொருள் அமைந்திருந்தது! கிருமிகள் தமக்கு வேண்டிய ஃபோலிக் அமிலத்தைத் தாமே சமைத்துக்கொள்கின்றன. மனிதர் அதை உணவிலிருந்து பெறுகின்றனர். சமையற்கட்டில் உப்பென்று எண்ணிச் சோடாமாவை எடுத்துக் கொட்டியது போல, கிருமி சல்ஃபாவைத் தவறுதலாக எடுத்துக்கொண்டு சமையலைக் கெடுத்துக்கொள்கிறது.

இதிலிருந்து மருந்து வேதியியலுக்கு ஒரு வழி பிறந்தது. உயிரணுவுக்கு இன்றியமையாத பொருளைப் போன்ற வடிவில், ஆனால் அதன் வேலையைச் செய்யாத மற்றொன்றை உருவாக்கலாம். பூட்டினுள் நுழையும் சாவி திரும்பாமல் சிக்கிக்கொண்டால் மெய்யான சாவிக்கும் இடமிராது. லெடர்லே வேதியியலார் ஃபோலிக் அமிலத்தில் ஓரிரு அணுத்தொகுதிகளை மாற்றி இத்தகைய எதிர்ப்பொருள்களைத் தயாரித்தனர்.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய்க்கு ஆளான குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலம் சார்ந்த சேர்மங்களைக் கொடுத்தபோது நோய் விரைந்து முற்றுவதைக் கண்டு திடுக்கிட்டார். புற்றணு பெருக ஃபோலிக் அமிலம் தேவையெனில், அதைத் தடுக்கும் பொருள் புற்றையும் தடுக்க வேண்டுமே என்று கருதினார். சுப்பாராவின் கூடத்திலிருந்து அமினோப்டெரின் என்னும் மருந்து சென்றது. 16 குழந்தைகளுக்கு அது கொடுக்கப்பட்டது. 10 பேரிடம் நோய் தணிந்தது. தணிவு நிலைக்கவில்லை. சில மாதங்களில் நோய் திரும்பியது. ஆனால் அதற்குமுன் எந்த மருந்தும் அந்தச் சில மாதங்களைக்கூட அக்குழந்தைகளுக்குத் தந்ததில்லை. 1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஃபார்பரின் கட்டுரை வெளிவந்தது. அமினோப்டெரினை அடுத்து வந்த, அதனினும் பாதுகாப்பான மருந்தே மெத்தோடிரெக்சேட். பிற மருந்துகளோடு சேர்த்து அதைக் கொடுக்கும் முறைகள் உருவானபின், இன்று அந்நோய் கண்ட குழந்தைகளுள் பெரும்பாலோர் பிழைக்கின்றனர்.

யானைக்கால் நோயும் பருத்தி எலிகளும்

இரண்டாம் உலகப்போரில் பசிபிக் தீவுகளுக்குச் சென்ற அமெரிக்கப் படைவீரர்களுள் ஆயிரக்கணக்கானோர் யானைக்கால் புழுவின் தொற்றுக்கு உள்ளாயினர். அமெரிக்காவுக்குப் புதிதாக இருந்த இந்நோயை நம் நாடு பன்னெடுங்காலமாக அறியும். காவிரிப் படுகை, கேரளக் கடற்கரை, சுப்பாராவ் பிறந்த கோதாவரிக் கழிமுகம் ஆகியவை இதற்கு இலக்கான நிலங்கள். கொசுக்கடியால் உடலில் சேரும் புழுக்கள் நிணநீர் நாளங்களில் தங்கிப் பல்லாண்டு வாழும். அவை ஈனும் நுண்புழுக்கள் இரவில் இரத்தத்தில் மிதக்கும். கடிக்கும் கொசுவின் வயிற்றில் ஏறி அடுத்தவரை நோக்கிப் புறப்படும். இதனால்தான் நலவாழ்வுத் துறையினர் இரவு நேரத்தில் வீடுதேடி வந்து விரல்நுனியில் இரத்தம் எடுக்கின்றனர்.

அதுவரை முயன்று பார்க்கப்பட்டவை ஆர்செனிக், ஆண்டிமனி முதலிய நச்சுத்தன்மை மிக்க பொருள்கள். வாயால் உட்கொள்ளத்தக்க, தீங்கு குறைந்த மருந்தைச் சுப்பாராவின் குழு தேடியது. மனிதரைத் தொற்றும் புழுவை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க இயலாது. எனவே பருத்தி எலி என்னும் காட்டெலியின் உடலில் இயல்பாக வாழும் வேறோர் இனப் புழுவைத் துணைகொண்டனர். சேர்மம் ஒவ்வொன்றையும் எலிக்குக் கொடுப்பது, அதன் இரத்தத்தில் நுண்புழுக்கள் குறைகின்றனவா என்று எண்ணுவது, பயனற்றதை விலக்கி அடுத்ததை எடுப்பது என வேலை நீண்டது. பொறுமையையே கேட்கும் இத்தகைய வேலைதான் மருந்தாய்வின் பெரும்பகுதி. நூல்களில் அதற்கு ஒரு வரி கிடைத்தாலே அரிது.

பிப்பரசின் என்னும் சேர்மத்திலிருந்து உருவாக்கப்பட்ட டைஎத்தில் கார்பமசின் நுண்புழுக்களை இரத்தத்திலிருந்து விரைந்து நீக்கியது. 1947இல் ஹெட்ரசான் என்ற பெயருடன் அறிவிக்கப்பட்ட அம்மருந்தே இன்றைய டி.இ.சி. வீங்கிப் பருத்த காலை அது பழைய நிலைக்குக் கொண்டுவராது. இரத்தத்தில் நுண்புழு இல்லையெனில் கொசுவுக்கு எடுத்துச்செல்ல ஒன்றுமில்லை. அடுத்த வீட்டுக்குழந்தை காப்பாற்றப்படும். அதனாலேயே நோய்க்குறி இல்லாதவரும் மாத்திரையை விழுங்க வேண்டியிருக்கிறது. தமக்கு நோயில்லையே, எதற்கு மாத்திரை என்று கேட்டு அதைச் சுவரோரம் எறிபவர்கள் இதை அறிவது நலம். 1955இல் இந்தியா தொடங்கிய தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் முதன்மை மருந்தாக டி.இ.சி. அமைந்தது. பீமவரத்தில் பிறந்தவரின் மருந்து பீமவரத்துக்கே வந்து சேர்ந்தது. அதைக் காண அவர் உயிருடன் இல்லை.

மண்ணிலிருந்து பொன்னிறம்

பென்சிலின் போர்க்காலத்தில் பெரும்புகழ் பெற்றிருந்தது. எனினும் அது அடக்காத கிருமிகள் பல. ஸ்டிரெப்டோமைசின் அவற்றுள் சிலவற்றை அடக்கியது. ஆனால் ஊசியாகவே செலுத்த வேண்டும். இவ்விரண்டையும் கடந்து, பலவகைக் கிருமிகளை அழிப்பதும் மாத்திரையாக உட்கொள்ளத்தக்கதுமான நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தைச் சுப்பாராவ் நாடினார்.

மண்ணில் வாழும் நுண்ணுயிரிகளை ஆராயும் பொறுப்பு பெஞ்சமின் டகர் என்னும் தாவரவியலாரிடம் இருந்தது. பல்கலைக்கழகப் பணியிலிருந்து ஓய்வுபெற்று, எழுபது வயதைக் கடந்தபின் லெடர்லேக்கு வந்தவர் அவர். வயது முதிர்ந்தவர் என்று அவரை ஒதுக்காத நிறுவனம் கைம்மாறு பெற்றது. பல இடங்களிலிருந்து வரவழைத்த மண்மாதிரிகளுள், மிசௌரி பல்கலைக்கழகத்தின் சான்போர்ன் வயலிலிருந்து வந்த மண்ணில் பொன்மஞ்சள் நிறங்கொண்ட நுண்ணுயிரி ஒன்று 1945இல் கிடைத்தது. அது சுரந்த மருந்துக்குப் பொன்னைக் குறிக்கும் இலத்தீன் சொல்லை ஒட்டி ஆரியோமைசின் என்று பெயரிட்டனர். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து அதுவே. அம்மூலக்கூறிலிருந்து ஒரு குளோரின் அணுவை நீக்கிப் பிற்காலத்தில் டெட்ராசைக்ளின் பெறப்பட்டது. 1994இல் சூரத் நகரில் பிளேக் அச்சம் பரவியபோது மக்கள் தேடிச்சென்ற மாத்திரை டெட்ராசைக்ளின்தான்.

1948ஆம் ஆண்டு ஜூலை மாதம் நியூயார்க்கில் கூடிய அறிவியலாளர் முன்னிலையில் ஆரியோமைசின் அறிமுகமானது. கண்டுபிடித்தவர் என்ற பெருமை முறைப்படி டகரைச் சேர்ந்தது. சுப்பாராவ் அதையே விரும்பினார். தம் துறையில் உருவானவற்றைத் தம் பெயரில் உரிமை கோருவது அவர் வழக்கமன்று.

சில வாரங்கள் சென்றன. ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள் இரவு உறங்கச் சென்றவர் மறுநாள் எழவில்லை. மாரடைப்பால் உறக்கத்திலேயே உயிர் பிரிந்திருந்தது. அப்போது அவருக்கு வயது 53. இந்தியர் அமெரிக்கக் குடியுரிமை பெறுவதற்கு 1946 வரை சட்டம் இடந்தரவில்லை. சட்டம் மாறியபின்னரும் அவர் அக்குடியுரிமையைப் பெறாமலே இறந்தார்.

அவர் கப்பலேறியபின் பிறந்த ஒரே மகன் ஓராண்டு நிறையுமுன் தொற்றுநோயால் இறந்தான்; தந்தை அவனைக் கண்டதில்லை. சேஷகிரி அம்மையார் கணவரை அதன்பின் காணவில்லை. பயணம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஓர் ஆய்வு முடியுமுன் மற்றொன்று தொடங்கியது. உலகுக்கு மருந்து தந்தவரின் தியாகத்தைப் பேசும் நூல்கள், இருபத்தைந்து ஆண்டுகள் காத்திருந்த அப்பெண்மணியை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. அத்தியாகத்தில் ஒரு பங்கு அவரைக் கேளாமலே அவரிடமிருந்து எடுக்கப்பட்டது.

சுப்பாராவின் நூற்றாண்டையொட்டி 1995இல் இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது. அதற்கு நெடுங்காலம் முன்பே, 1953இல், லெடர்லேயில் பணியாற்றிய ஹெசல்டைன் என்னும் பூஞ்சையியலார் தாம் கண்டறிந்த புதிய பூஞ்சை ஒன்றுக்குச் சுப்பாரோமைசஸ் ஸ்பிளெண்டென்ஸ் என்று பெயர் சூட்டினார். சாக்கடைக் கழிவுநீரை வடிகட்டித் தூய்மைப்படுத்தும் கல்படுகைகளில் அது வளர்கிறது.